ரோட் ஐலண்டில் எங்கள் வூட்டைப் பற்றிச் சொன்னது

1

டென்னிஸ் முதன்முதலில் என் முகத்துக்கு நேரே ரெக்கார்டரை நீட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மாதா கோயிலின் கீழ்த்தளத்து ஹாலில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். எழுபதை நெருங்குகிற வெள்ளைக்காரர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "எந்த ஊர் உங்களுக்கு? எப்போது வந்தீர்கள்? எப்படி வந்தீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

இந்த மூன்று கேள்விகளையும் அதற்கு முன்னால் என்னிடம் கேட்டவர்கள் சீருடையில் இருந்தார்கள், அல்லது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார்கள். நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவசரத்தில் "போயிட்டு வரேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு நழுவி வந்துவிட்டேன்.

மனுஷன் நான் திரும்பி வருவேன் என்று அரை மணி நேரம் அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருந்தாராம். அடுத்த வாரம் என் மனைவி மேரிதான் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். "பாவங்க அந்தக் கெழவரு. வரேன்னு சொல்லிட்டு வராத ஆளு நீங்கதான்னு ஹாலெல்லாம் பேச்சா இருக்குது."

"அவரு பாவமா இல்லயான்னு ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரோட் ஐலண்ட், அமெரிக்காவிலேயே மிகச் சின்ன மாநிலம். நம் கடலூர் மாவட்டம் அளவுதான் இருக்கும். விருத்தாசலத்தில் பஸ் ஏறிக் கடலூரில் இறங்குவதற்குள் இங்கே மாநிலத்தையே தாண்டிவிடலாம். இவ்வளவு சின்ன இடத்தில் நடப்பவற்றில் பெரிய டிவிக்காரர்கள் விட்டுவிடுவதையெல்லாம் டென்னிஸ் தன் வீட்டின் கீழறையில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, வாராவாரம் சனிக்கிழமை இன்டர்நெட்டில் ஏற்றிவிடுகிறார். பாட்காஸ்ட் என்கிறார்கள். ரேடியோ மாதிரிதான். ஆனால் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இறக்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது கேட்கலாம்.

எந்தப் பாலத்தில் ஒருவழிப் பாதை, எந்த ஸ்கூல் கமிட்டியில் சண்டை, போர்த்துகீசியர்களின் திருவிழாவுக்கு யார் சமையல், கம்போடியாக்காரர்களின் புத்தாண்டு எந்த மைதானத்தில், முடிதிருத்தும் கடை வைத்திருந்த இத்தாலியக் கிழவர் இறந்துபோனது என்று எல்லாம் வரும். விளம்பரம் கிடையாது. சம்பளம் கிடையாது.

எனக்கு அதுதான் உறுத்தியது. சம்பளம் இல்லாமல் ஒருவர் எதற்காக ஊரார் கதையைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைக்க வேண்டும்?

2

என் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டு நான்காவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. கேட்டால், "பெயர்ச் சோதனை நடக்கிறது" என்று ஒரே வரியில் பதில்.

பெயரில் என்ன சோதனை என்கிறீர்களா? என் பெயர் சேவியர். குடும்பப் பெயர் எழுதுகிற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அதனால் இந்த நாட்டில் நான் மிஸ்டர் லூர்துசாமி. அப்பா செத்துப் போய் வெகுகாலம் ஆகிறது. கடல் தாண்டாத மனிதர். ஆனால் பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அவர் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

மேரி பிறந்தது திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். அதிகாரி அதைக் கர்நாடகத்து மங்களூர் என்று தானாகவே திருத்தி எழுதிவிட்டார். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாநிலம், விண்ணப்பத்தில் இன்னொன்று. "நீங்கள் எந்த மங்களூரில் பிறந்தீர்கள் என்பதை நிரூபிக்கவும்" என்று மூன்று கடிதங்கள். ஒரு ஊர்ப் பெயருக்கே இந்தப் பாடு என்றால், வாயைத் திறந்து ரெக்கார்டரில் பேசி வைத்தால் என்னென்ன வரும்?

அதனால் டென்னிஸைக் கண்காணிக்க முடிவு செய்தேன். எனக்கு வேலை, மின்னணுச் சாமான்களுக்குப் பீங்கான் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரச் சோதனை. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்ததன் பலன். வேலைக்குப் போக வர காரில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரமெல்லாம் அவருடைய பழைய நிகழ்ச்சிகளை முதலிலிருந்து கேட்டேன். யாரிடம் என்ன கேட்கிறார், எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், வெளிநாட்டவர் என்றால் கேள்வி மாறுகிறதா என்று பார்த்தேன். கம்பெனியில் விரிசல் தேடுகிற அதே புத்தி.

நாற்பதுக்கு மேல் கேட்டேன். விரிசல் எதுவும் அகப்படவில்லை. ஆனால் எந்தத் தெருவில் பனிக்காலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது, எந்த மேயர் எதற்குப் பதவி விலகினார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. உடன் வேலை செய்கிறவர்கள் உள்ளூர் விஷயம் என்றால் என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

விரிசல் தெரியவில்லை என்பதற்காக விரிசல் இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் அது.

3

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. விருத்தாசலத்திலிருந்து அண்ணன்.

அந்தோணி அண்ணன் தானாக எனக்குப் போன் பண்ணுகிற ஆள் இல்லை. கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் நான்தான் பண்ணுவேன். "நல்லா இருக்கீங்களா", "இருக்கோம்", "அங்க குளிரா", "குளிருதான்." அதோடு முடிந்துவிடும்.

"என்னடா, வூட்ட காட்சிசாலையாக்கப் போறியாமே?" என்றார்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஒம் பொண்ணு ரேடியோவுல பேசியிருக்குது. ஸ்டெல்லா பிரவுசிங் சென்டருல கேட்டுட்டு வந்து வரிக்கு வரி சொல்லிட்டா. நம்ம வூட்டுக்குப் பின்னால சூளை இருக்குதாம். அப்பா பொம்ம செய்யற கலைஞராம். அத நீ திரும்ப வந்து காட்சிசாலையா ஆக்கப் போறியாம்."

ஸ்டெல்லா அண்ணனின் மகள். காலேஜில் படிக்கிறாள். என் மகள்தான் அந்த நிகழ்ச்சியை அவளுக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. சத்தியமா."

"எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னுதான இங்கிலீசுல சொல்ல வுட்ட? வூடு வேணும்னா நேரா கேளு. அப்பா பேருலதான் இருக்குது, இல்லன்னு சொல்லல. அதுக்கு எதுக்கு சின்னப் புள்ளய வுட்டுப் பேச வைக்கிற?"

போனை வைத்துவிட்டார்.

4

என் மகள் ஜெசிந்தாவுக்குப் பதினைந்து வயது. ஸ்கூலில் ஜெஸ். வீட்டில் நான் மட்டும்தான் முழுப் பேரையும் சொல்கிறேன். நான் டென்னிஸின் பழைய நிகழ்ச்சிகளைத் துருவிக்கொண்டிருந்த மாதங்களில், அவள் சனிக்கிழமைகளில் கோயில் பிள்ளைகள் நாலு பேரோடு அவர் வீட்டுக்கே போய் வந்துகொண்டிருந்திருக்கிறாள். மேரிக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை.

"சொன்னா வுட்டிருப்பீங்களா?" என்றாள் மேரி.

"என் பெற்றோரின் ஊர்" என்று பிள்ளைகளைப் பேச வைத்து ஒரு நிகழ்ச்சி. நான் இன்னும் வந்து சேர்ந்திராத புது நிகழ்ச்சி. மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டோம். விருத்தாசலம் என்பது ஒரு பீங்கான் நகரம். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் சூளை புகைந்துகொண்டிருக்கும். என் தாத்தா களிமண்ணில் பொம்மை செய்யும் கலைஞர். அவருடைய பட்டறை எங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது. ஒருநாள் அப்பா அங்கே திரும்பிப் போய் அதை மியூசியம் ஆக்குவார். நல்ல குரலில், தடங்கல் இல்லாமல் சொல்லியிருந்தாள். கேட்டால் எனக்கே அந்த ஊருக்குப் போகவேண்டும் போல இருந்தது.

"இதெல்லாம் யாரு சொன்னாங்க ஒனக்கு?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"நெட்ல பார்த்தேன். செராமிக் டவுன்னு போட்டிருந்திச்சு. மத்தது நானே..." கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் இங்கிலீஷுக்குத் தாவினாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்ல ஏதாவது இருந்தது, மீன்பிடிக்கிற தாத்தா, சண்டையில் தப்பித்த பாட்டி என்று. எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கேட்டால் நீங்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பீர்கள். நான் என்ன செய்வது என்று கேட்டாள்.

அவளைத் திட்ட வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். அவள் சொன்ன பொய்யில் இருந்த ஓட்டைகள் எல்லாம் நான் சொல்லாமல் விட்ட இடங்கள்.

5

சொல்லாமல் விட்டது எது என்று இங்கே எழுதுகிறேன்.

அப்பா கலைஞர் இல்லை. கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் மண் அரைக்கிற மிஷினில் வேலை. களிமண்ணும் கல்மாவும் சேர்த்துக் கொட்டி அரைப்பது. சாயங்காலம் வரும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். ஜங்ஷன் பக்கம் இரண்டு அறை ஓட்டு வீடு. பின்னால் சூளை இல்லை. ஒரு கைப்பம்பு இருந்தது.

நான் டிப்ளமா முதல் வருஷம் படிக்கும்போது, அந்த மிஷினில் மாட்டி ஒரு அக்காவுக்கு இரண்டு விரல் போய்விட்டது. மிஷினுக்கு மூடி கிடையாது. அந்த அக்கா கவனமில்லாமல் கையை விட்டாள் என்று முதலாளி எழுதச் சொன்னார். விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அங்கே வேலை செய்த மூன்று ஆம்பிளைகளையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மூவரில் ஒருவர் "மூடி எப்பவுமே இல்லீங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். யார் என்று முதலாளிக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் தெரிந்துவிட்டது. அப்பாவை நிறுத்திவிட்டார்கள். சரியாகப் பதினைந்தாம் நாள், அதே கம்பெனியில், அதே மிஷினில், அண்ணனுக்கு வேலை கிடைத்தது.

அப்பாவை நிறுத்துவதற்கு முந்தின நாள் சாயங்காலம், முதலாளி வீட்டு கேட்டுக்கு முன்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போய்விட்டேன்.

அப்பா வீட்டில் எதுவும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற வேலைக்குப் போனார். அண்ணன் வாங்கிய கூலியில்தான் நான் டிப்ளமா முடித்தேன். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே அந்த ஆளைச் சந்தேகப்பட முடியுமா என்றால், முடியும். நான் இருபது வருஷம் அதைச் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தக் குணம் வந்தது என்று நினைக்கிறேன். கேள்வி கேட்கிறவன் யார், பதில் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது.

6

அன்றைக்கே டென்னிஸ் வீட்டுக்குப் போனேன். கீழறையில் ஒரு மேசை, கம்ப்யூட்டர், மைக்கின் தலையில் மாட்டிய ஒரு காலுறை. சுவரில் கைப்பட எழுதிய தாள்கள். ஒரு தாளில் என் பெயர் இருந்தது. "சேவியர், ஈஸ்டருக்குப் பிறகு மறுபடி."

"இது என்ன?" என்றேன்.

"வேண்டாம் என்று சொன்னவர்கள் பட்டியல். கொஞ்ச நாள் விட்டுத் திரும்பக் கேட்பேன். நீங்கள் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, போய்விட்டு வருகிறேன் என்றீர்கள். அதனால் உங்களைப் பட்டியலில் மேலே வைத்திருக்கிறேன்."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

என் மகள் பேசியதை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் என் கண்ணெதிரிலேயே எடுத்துவிட்டார். பிறகு, "ஆனால் இறக்கி வைத்துக்கொண்டவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. இந்தியாவில்கூட ஒருவர் கேட்டிருக்கிறார் என்று ஜெஸ் சொன்னாள்" என்றார்.

"அந்த ஒருவரால்தான் வந்தேன்."

விஷயத்தைப் பாதி சொன்னேன். வீட்டைப் பற்றியது மட்டும். "தவறாகச் சொன்னதை எடுத்துவிட்டால் உங்கள் அண்ணன் நம்புவாரா? ஒளிக்கிறான் என்றுதானே நினைப்பார்? நீங்களே வந்து சரியானதைச் சொல்லுங்கள்" என்றார்.

இதற்குத்தான் அடி போடுகிறாரா என்று உடனே தோன்றியது. ஆனால் அவர் சொன்னது சரி. அண்ணன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"தமிழில்தான் பேசுவேன். அண்ணனுக்கு நேராகப் புரிய வேண்டும்."

"பேசுங்கள்."

"நான் என்ன சொல்கிறேன் என்றே உங்களுக்குத் தெரியாது. எப்படி வெளியே விடுவீர்கள்?"

"இருபத்தெட்டு வருஷம் தபால் கொடுத்தேன்" என்றார் டென்னிஸ். "ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை."

7

அடுத்த சனிக்கிழமை பேசினேன். பக்கத்தில் ஜெசிந்தா. நான் பேசி முடித்ததும் அவள் இங்கிலீஷில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

பொம்மை இல்லை, பட்டறை இல்லை என்று தொடங்கினேன். மண் அரைக்கிற மிஷினைப் பற்றிச் சொன்னேன். அந்த அக்காவின் விரல்கள், மூடி இல்லாதது, அதிகாரி வந்தது, அப்பா உண்மையைச் சொன்னது, வேலை போனது. பிறகு அண்ணன் அங்கே வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தது. ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டது, கைப்பம்புக்கு மோட்டார் வைத்தது எல்லாம் அவர். "அந்த வூடு எங்க அண்ணனோடது. எனக்கு அதுல ஒண்ணும் வேணாம்" என்று முடித்தேன். முதலாளி வீட்டு கேட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஜெசிந்தா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறிப்பெடுக்க மறந்துவிட்டிருந்தாள்.

"தாத்தா பயப்படலையாப்பா?" என்றாள்.

"பயந்திருப்பாரு."

"அப்ப ஏன் சொன்னாரு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் மறுபடி ஒரு தடவை என்னைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். "கல்மாவு" என்பதற்கு இங்கிலீஷ் தேடிப் பத்து நிமிஷம் போயிற்று.

நிகழ்ச்சி வெளியாகி மூன்றாம் நாள் காலையில் அண்ணன் கூப்பிட்டார்.

"கேட்டேன். ரெண்டு தடவ போடச் சொல்லிக் கேட்டேன்."

"வூடு ஒங்களுதுன்னு சொன்னனே, அது வந்திச்சா?"

"அத வுடு. வூடு எங்க போயிடப் போவுது? நீ ஒண்ண வுட்டுட்ட."

"என்னத்தண்ணே?"

"அப்பாவ யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு சொல்லலியே. ஊருக்கெல்லாம் சொல்றவன் அதையும் சொல்ல வேண்டியதுதான?"

வெளிநாட்டு லைனில் நம் மூச்சே கொஞ்சம் தாமதித்து நமக்குத் திரும்பிக் கேட்கும். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான்னுதான நெனச்சிக்கிட்டு இருக்கற? மொதலாளி வூட்டு கேட்டாண்ட நான் நின்னப்ப நீ சைக்கிள திருப்பிக்கிட்டுப் போன. நானும் ஒன்னப் பாத்தேன்டா."

"அண்ணே..."

"உள்ள அப்பா இருந்தாரு."

அவர் நிதானமாகத்தான் சொன்னார். பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு மாதிரி இருந்தது. யார் சொன்னது என்று தெரியாவிட்டால் மூன்று பேரையும் நிறுத்திவிடுவேன் என்றாராம் முதலாளி. மற்ற இருவரில் ஒருவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். இன்னொருவர் தனபால், அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அப்பா தானே போய், "நாந்தாங்க சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டார். போகும்போது அண்ணனைக் கூட அழைத்துப் போனார். "என்ன நிறுத்திக்குங்க. வெளியில நிக்கிறான் பாருங்க எம் பெரிய மவன், அவனுக்கு வேல குடுங்க" என்று கேட்டாராம். முதலாளிக்கு என்ன தோன்றியதோ, சரி என்றுவிட்டார்.

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னாரு. தெரிஞ்சா நீ படிப்ப வுட்டுட்டு மொதலாளிகிட்ட சண்டைக்குப் போவன்னு பயந்தாரு. அப்புறம் அவரு போயிட்டாரு."

"அதுக்கப்புறம் நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? இருவது வருசத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டியா? சந்தேகப்படறவன்கிட்ட நானா வலிய வந்து சொன்னா நம்பியிருப்பியா?"

அந்த நிமிஷம்கூட என் புத்தி வேலை செய்துகொண்டிருந்தது. அப்பா இல்லை, முதலாளியும் செத்துவிட்டார். யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது?

"தனபாலு இருக்காரு" என்றார் அண்ணன், நான் கேட்காமலே. "சேத்தியாத்தோப்புல மவ வூட்டுல இருக்காரு. நம்பரு சொல்றேன், எழுதிக்க. நீ கேப்பன்னு தெரியும்."

வெட்கத்தோடு எழுதிக்கொண்டேன். இதை எழுதுகிற இன்றுவரை அந்த நம்பருக்குப் பேசவில்லை. பேசவே மாட்டேன் என்று சொல்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பேசாமல் இருக்கிறேன்.

"இன்னொண்ணு" என்றார் அண்ணன். "அந்தத் தபால்காரருகிட்ட சொல்லு. நானும் பேசணும்."

8

மேரியிடம் சொன்னேன். "பேசட்டுமே" என்றாள்.

"என்ன பேசுவாருன்னு தெரியல. என்னப் பத்தி ஏதாச்சும்..."

"நீங்க அவரப் பத்தி மனசுல வச்சிருந்தத விடவா மோசமா சொல்லிடப் போறாரு?"

டென்னிஸுக்கு அண்ணனின் நம்பரைக் கொடுத்தேன். என் கையால் ஒருவருடைய நம்பரை இந்த நாட்டில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஒரு சனிக்கிழமை காலை, விருத்தாசலத்தில் சாயங்காலம். கேள்வி கேட்பது ஜெசிந்தா. முந்தின நாள் முழுக்க அவள் மேரியிடம் உட்கார்ந்து தமிழில் கேள்விகளை எழுதிப் பழகினாள். "பெரியப்பா, நீங்க அந்த மிஷின்ல எத்தன வருஷம் வேலை செஞ்சீங்க?" மூன்று தடவை சொல்லியும் "செஞ்சிங்கா" என்றே வந்தது. திருத்த வாயெடுத்த என்னை மேரி கண்ணால் அடக்கினாள்.

நான் கீழறைக்குள் போகவில்லை. டென்னிஸ் வீட்டு வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் டென்னிஸும் வெளியே வந்தார்.

"நான் இருந்தால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஜெஸ்ஸுக்குக் காட்டிவிட்டேன்."

இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நான் அரசாங்கத்து ஆள் என்று இன்னும் நினைக்கிறீர்களா?" என்றார் டென்னிஸ் திடீரென்று. மேரி அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

"கொஞ்சம்" என்றேன்.

தலையை ஆட்டினார். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து ஒரு தடவை சிரிப்புச் சத்தம் வந்தது. ஜெசிந்தாவுடையது. பிறகு நெடுநேரம் ஸ்பீக்கர் போனில் அண்ணன் குரல் மட்டும், வார்த்தை பிரியாமல். கதவுக்கு இன்னும் இரண்டடி கிட்டப் போனால் புரிந்திருக்கும். நாற்பது நிகழ்ச்சிகளைக் குற்றம் தேடிக் கேட்டவன் நான். அன்றைக்கு அந்த இரண்டடியைப் போகாமல் நிற்க எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஜெசிந்தா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"பெரியப்பா நெறைய பேசுனாங்க. பாதி புரியல. ஸ்டெல்லா அக்காகிட்ட கேட்டு எழுதணும்."

"சரிம்மா."

"உங்களப் பத்தியும் ஒண்ணு சொன்னாங்க. சொல்லவா?"

"வேணாம். வெளிய வந்தப்புறம் எல்லாரோடவும் சேந்து கேட்டுக்கறேன்."

அவளுக்கு என்னைத் தெரியும். விடவில்லை. "பிடிக்கலன்னா இப்பவே சொல்லுங்கப்பா. டென்னிஸ் எடுத்துடுவாரு. அப்புறம் எடுக்க முடியாது."

டென்னிஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் பதிலுக்காகத்தான் அவரும் காத்திருந்தார்.

"இருக்கட்டும்" என்றேன்.